திருத்தம் பி

இரவு இரண்டு மணிக்கு நெடுஞ்சாலையில் பனி தள்ளுகிறேன்.
காலை எட்டுக்குத் தொழில்நுட்பக் கல்லூரியில் கோடு போடுகிறேன்.
எனக்கு முப்பத்தொன்பது. பக்கத்துக் கணினியில் ப்ரைசனுக்குப் பத்தொன்பது.
அவன் மவுஸ் ஓடும் வேகத்துக்கு
நான் இன்னும் கியர் மாற்றவில்லை.

ஜன்னலுக்கு வெளியே சுப்பீரியர் ஏரி
ஓரம் உறைந்து, நடுவில் உறையாமல் கிடக்கிறது.
எந்தக் கோட்டால் காட்டுவது அதை?
தொடர்கோடு என்றால் கண்ணுக்குத் தெரியும் விளிம்பு.
விட்டு விட்டுப் போவது மறைகோடு:
இருக்கிறது, முன்னால் வேறொன்று நிற்கிறது.
நீளம், துணுக்கு, நீளம் என்று போனால் மையக்கோடு:
அந்தப் பொருளில் எங்கே தேடினாலும் அது இல்லை,
அதை வைத்துத்தான் மற்றதெல்லாம் அளக்கிறோம்.

மிஸ் ஓபர்கார்ட் என்னைவிட ஒன்பது வயது இளையவர்.
"ஒரு அளவை ஒரே இடத்தில் எழுதுங்கள்.
இரண்டு இடத்தில் எழுதினால்
ஒருநாள் இரண்டும் வேறு வேறாகும்."
என் முன்னாள் கணவன் இந்த வகுப்புக்கு வந்திருக்கலாம்.

டிசம்பர் பயிற்சி: உடைந்த உதிரிபாகம் ஒன்றை வரைக.
என் லாரியின் வலப்பக்க விளக்குத் தாங்கி போன மாதமே உடைந்திருந்தது.
பனிக்கலப்பை நார்வேயில் செய்தது.
அதனோடு வந்த தாள் டிப்போ அலமாரியில்,
காபி வட்டத்தோடு கிடைத்தது.

அங்கே பொருளுக்குப் பின்னால் தாளை நிறுத்துகிறார்கள்,
சுவரில் நிழல் விழுவதுபோல.
வலமிருந்து பார்த்தது இடத்தில் போய் விழும்.
இங்கே நாங்கள் பொருளுக்கு முன்னால் தாளை நிறுத்துகிறோம்,
கண்ணாடி வழியே பார்ப்பதுபோல.
வலம் வலத்திலேயே நிற்கும்.
எந்த முறை என்று சொல்ல
மூலையில் நகத்தளவு ஒரு குறி உண்டு:
நுனி வெட்டிய கூம்பு, பக்கத்தில் இரண்டு வட்டம்.
நான் அதைக் கம்பெனி முத்திரை என்று நினைத்தேன்.

அடுத்த கட்டடம் எந்திரப் பிரிவு.
டூயி மாக்கினென் மூன்று மாலை நின்று
அலுமினியக் கட்டியிலிருந்து அதை வெளியே எடுத்தான்.
சிவப்புத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தான்.
பொறுதி ஆயிரத்தில் ஐந்து அங்குலம் கொடுத்திருந்தேன்,
அவன் இரண்டுக்குள் நிறுத்தியிருந்தான்.

டிப்போவில், லாரி அருகில், அது ஏறவில்லை.
திருப்பினோம். கவிழ்த்தோம்.
வலக்கைக்கு வந்த இடக்கை உறை.
டூயி தாளை விரித்து, துண்டை அதன்மேல் வைத்து,
"படம் இதைத்தான் சொன்னது" என்றான்.
குரலில் கோபம் இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.
என் தப்பை அவன்
ஆயிரத்தில் இரண்டுகூடப் பிசகாமல் செய்திருந்தான்.

அன்றிரவும் ஒற்றை விளக்கோடு போனேன்.
சாலையின் வலது விளிம்பு முழுக்க மறைகோடு.
அஞ்சல் பெட்டிகளை ஞாபகத்தில் வைத்து விலகினேன்,
கோஸ்கி வீட்டுப் பெட்டியைத் தவிர.
இறங்கி, அதை நிமிர்த்திப் பார்த்து,
நிற்காததால் பனியில் குத்தி வைத்துவிட்டு வந்தேன்.

காலையில் கோப்பைத் திறந்து அழிக்கப் போனேன்.
"அழிக்கக்கூடாது" என்றார் ஓபர்கார்ட்.
"ஏ அப்படியே இருக்கும். இது பி.
மாற்றிய இடத்தில் ஒரு முக்கோணம் போடுங்கள்.
என்ன, யார், என்றைக்கு."

கட்டம் சின்னது. வாழ்க்கையில் இதுவரை
ஒரு மன்னிப்பையும் நான் இவ்வளவு சுருக்கியதில்லை:
பக்கம் மாறியது.
முதலெழுத்துகள் என்ற இடத்தில்
கல்யாணத்துக்கு முந்தியவை தாமாக வந்து விழுந்தன. விட்டுவிட்டேன்.

சரிபார்த்தவர் என்ற கட்டம் காலியாக இருந்தது.
தாளை எடுத்துக்கொண்டு முற்றத்துப் பனியில் இறங்கி
எந்திரப் பிரிவுக்குப் போனேன்.
டூயி ஓடும் எந்திரத்தை நிறுத்தினான், கையைத் துடைத்தான்,
தாளை வாங்கி
எல்லாவற்றுக்கும் முன்னால் மூலையில் இருந்த கூம்பைப் பார்த்தான்.